மாப்பிள்ளைச் சம்பா முன்பக்கம், மால்டோடெக்ஸ்ட்ரின் பின்பக்கம்

கேள்வி: என் கணவருக்குப் பத்து வருடமாக சுகர். திருப்பனந்தாள் பக்கத்தில் நாலு மா நிலத்தில் குறுவையும் தாளடியும் வைக்கிற குடும்பம் நாங்கள். கும்பகோணத்தில் ஒரு பெரிய மளிகைக் கடையில் ‘மாப்பிள்ளைச் சம்பா சத்துக் கஞ்சி மாவு’ என்று பாக்கெட் பார்த்து, அரைக் கிலோ 340 ரூபாய்க்கு வாங்கினோம். முன்னால் நெற்கதிர் படம். ‘பாரம்பரிய அரிசி’, ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’, ‘சர்க்கரை நோயைக் கட்டுப்படுத்த உதவும்’ என்று எழுதியிருந்தது. இரண்டு மாதம் காலையும் இரவும் அவருக்கு இந்தக் கஞ்சிதான். பிறகு ரத்தம் எடுத்துப் பார்த்தால் சுகர் ஏறியிருக்கிறது. கல்லூரியில் படிக்கும் பேத்தி பாக்கெட்டின் பின்பக்கத்தைச் செல்போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் படித்தாள். அரிசி மாவு, கோதுமை மாவு, மால்டோடெக்ஸ்ட்ரின், அதற்கப்புறம்தான் மாப்பிள்ளைச் சம்பா. எவ்வளவு என்று கணக்கே இல்லை. கடையில் கேட்டால், “கம்பெனிக்காரன் அடிச்சு அனுப்புறதை நான் விக்கிறேன், நான் என்னம்மா செய்ய முடியும்?” என்கிறார். கம்பெனி மீது வழக்குப் போட முடியுமா? கடைக்காரருக்குப் பொறுப்பு இல்லையா? எங்கள் மகளிர் குழு வாட்ஸ்அப்பில் இதைப் போட்டால் எங்கள் மேலேயே கேஸ் போடுவார்களா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பனந்தாள்)

பதில்: அம்மா, முதலில் ஒரு வேலை. அந்தப் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மாவு தீர்ந்திருந்தாலும் காலி உறை வேண்டும். நீங்கள் அனுப்பிய படங்களில் ‘மாப்பிள்ளைச் சம்பா’ என்ற எழுத்து கட்டைவிரல் நகம் அகலத்துக்கு நிற்கிறது. பின்பக்கப் பட்டியலோ உறையை மடித்து ஒட்டிய இடத்தில் பாதி உள்ளே போயிருக்கிறது. அந்த மடிப்பைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள். உங்கள் வழக்கில் முதல் சாட்சி அந்த உறைதான். பில்லும், பில் இல்லை என்றால் ஜிபே செய்த பதிவும், பேட்ச் எண் தெரிகிற படமும் அதோடு சேரட்டும்.

இனி சட்டம். உங்கள் கடிதத்தில் மூன்று குறைகள் கலந்து கிடக்கின்றன. மூன்றுக்கும் ஒரே பலம் இல்லை என்பதால் பிரித்துச் சொல்கிறேன்.

உங்கள் கையில் இருக்கும் பலமான பிடி, நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட அந்த ஒரு வரி: “எவ்வளவு என்று கணக்கே இல்லை.” உணவுப் பொருட்களின் லேபிள் பற்றிய 2020ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக எழுதச் சொல்கின்றன. அதனால்தான் நாலாவது இடத்தில் இருப்பது மூன்றாவதைவிடக் குறைவு என்று உங்கள் பேத்தியால் கண்டுபிடிக்க முடிந்தது. அதே ஒழுங்குமுறைகள் இன்னொன்றும் சொல்கின்றன. பல பொருட்கள் கலந்த உணவில் ஏதாவது ஒன்றை எழுத்தாலோ படத்தாலோ முன்னிறுத்தி விற்றால், அந்தப் பொருள் எத்தனை சதவீதம் இருக்கிறது என்று லேபிளில் கட்டாயம் எழுத வேண்டும். உங்கள் பாக்கெட்டுக்குப் பெயரே மாப்பிள்ளைச் சம்பா. கதிரின் படமும் இருக்கிறது. சதவீதம் மட்டும் இல்லை. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம், 2006 இதைத் தவறான லேபிளிட்ட உணவு என்று பார்க்கும். பிரிவு 52இன்படி 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

இது வெறும் எழுத்துப் பிழை என்று யாராவது உங்களிடம் சொன்னால் ஏற்காதீர்கள். மாப்பிள்ளைச் சம்பா என்ற பெயருக்கு இன்று விலை இருக்கிறதென்றால், நெல் ஜெயராமன் போன்றவர்கள் ஊர் ஊராக அலைந்து விதை சேர்த்து, ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, அதை மறுபடி வயலுக்குக் கொண்டுவந்ததால்தான். ஐந்து மாதத்துக்கு மேல் வயலில் நிற்கும், ஆள் உயரத்துக்கு வளர்ந்து காற்றில் சாயும் பயிர் அது. அதைப் பயிரிடுகிற சிரமம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தப் பெயரைப் பெரிதாகப் போட்டு, மில் அரிசி மாவையும் கோதுமை மாவையும் 340 ரூபாய்க்கு விற்பது, வாங்குகிறவரை மட்டுமல்ல, விளைவிக்கிறவரையும் ஏமாற்றுவது.

இரண்டாவது, ‘சர்க்கரை நோயைக் கட்டுப்படுத்த உதவும்’ என்ற வரி. நோயைத் தடுக்கும், தணிக்கும், குணமாக்கும் என்று சாதாரண உணவுப் பொருளுக்கு உரிமை கொண்டாட விளம்பரம் மற்றும் உரிமைகோரல்கள் பற்றிய 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் இடம் தரவில்லை. நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கும் என்று சொல்வதற்கே அறிவியல் ஆதாரமும் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அனுமதியும் வேண்டும். தவறான விளம்பரத்துக்கு அதே 2006 சட்டத்தில் பிரிவு 53 இருக்கிறது. அபராதம் 10 லட்சம் வரை. இதுவும் நல்ல பிடிதான்.

மூன்றாவது ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’. இங்கே கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மக்காச்சோளம், மரவள்ளி போன்றவற்றின் மாச்சத்தை உடைத்துச் செய்யும் வெள்ளைப் பொடி மால்டோடெக்ஸ்ட்ரின். நாக்கில் பெரிய இனிப்புத் தெரியாது, ஆனால் உடம்பில் வேகமாகக் குளுக்கோஸாக மாறும். அனுமதிக்கப்பட்ட பொருள், விஷம் ஒன்றும் இல்லை. ஆனால் சுகர் உள்ளவர் தினம் இரண்டு வேளை குடிக்கும் கஞ்சியில் இருக்க வேண்டிய பொருளும் இல்லை. சிக்கல் என்னவென்றால், சட்டம் ‘சர்க்கரை’ என்று எண்ணுவது சீனி, குளுக்கோஸ், தேன், பாகு போன்றவற்றைத்தான். மால்டோடெக்ஸ்ட்ரின் அந்தக் கணக்கில் வராது என்று கம்பெனி வக்கீல் வாதிடுவார், அந்த வாதத்தில் சத்தும் இருக்கிறது. பட்டியலில் வெல்லமோ நாட்டுச் சர்க்கரையோ தேனோ இருந்திருந்தால் ஒரே அடியில் வீழ்த்தியிருக்கலாம். ஆகவே இதைத் தனிக் குற்றச்சாட்டாக வைக்காதீர்கள். ‘சர்க்கரை நோய்க்கு உதவும்’ என்ற வரியோடு சேர்த்து, நோயாளியை நம்பவைக்கும் ஒரே ஏற்பாட்டின் பகுதியாகக் காட்டுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 முக்கியத் தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் தவறான விளம்பரம் என்றுதான் சொல்கிறது.

எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தால் போதுமா என்ற கேள்வி நாட்டில் பெரிய அளவிலேயே எழுந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போனால் ரொட்டியும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் வாங்கிப் போகிற ஊர் நம்முடையது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு போர்ன்விட்டா. 2023 ஏப்ரலில் ரேவந்த் ஹிமத்சிங்கா என்பவர் போர்ன்விட்டாவில் இருக்கும் சர்க்கரை பற்றி ஒரு வீடியோ போட்டார். கம்பெனி வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது, அவர் வீடியோவை நீக்கினார். ஆனால் கம்பெனி தன் விளக்கத்தில் கொடுத்த கணக்கே 20 கிராம் பொடியில் 7.5 கிராம் சேர்த்த சர்க்கரை என்பதுதான். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் தலையிட்டது. 2024 ஏப்ரலில், ‘ஆரோக்கிய பானம்’ என்ற ஒன்று உணவுச் சட்டத்தில் வரையறுக்கப்படவே இல்லை என்று சொல்லி, அந்தத் தலைப்பின் கீழ் இத்தகைய பானங்களை விற்கக் கூடாதென இணைய விற்பனைத் தளங்களுக்கு மத்திய அரசு அறிவுறுத்தியது. அதே மாதம் ஹார்லிக்ஸும் தன் வகையின் பெயரிலிருந்து ‘ஹெல்த்’ என்ற சொல்லை எடுத்தது. இத்தனை வருடம் நாம் நம்பி வாங்கிய சொல்லுக்குச் சட்டத்தில் அர்த்தமே இருந்ததில்லை.

அடுத்தது உங்கள் வழக்குக்கு இன்னும் நெருக்கமானது. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு–சர்க்கரைக் கரைசல் ஓ.ஆர்.எஸ். அந்தப் பெயரைச் சேர்த்துக்கொண்டு இனிப்பான பழ பானங்கள் மருந்துக் கடைகளிலேயே விற்றுக்கொண்டிருந்தன. ‘இது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கரைசல் அல்ல’ என்று ஒரு மறுப்பு வாசகம் போட்டால் போதும் என ஒரு காலத்தில் உணவுப் பாதுகாப்பு ஆணையமே விட்டிருந்தது. ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தைகள் நல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருடம் விடாமல் போராடினார். 2025 அக்டோபர் 14 அன்று ஆணையம் அந்த அனுமதியை விலக்கிக்கொண்டு, அந்தக் கரைசலுக்கான சூத்திரத்தில் இல்லாத எந்த பானத்தின் பெயரிலும் அந்த மூன்றெழுத்து வரக் கூடாது என்றது. முன்பக்கம் கொடுத்த நம்பிக்கையைப் பின்பக்கத்துச் சின்ன எழுத்தால் கழுவ முடியாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு உங்களுக்கு வேண்டாம். கம்பெனி “பட்டியலில்தான் எல்லாம் போட்டிருக்கிறோமே” என்று பதில் அனுப்பினால் இதைக் காட்டுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது. முதலில் உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் புகார். தமிழக அரசின் வாட்ஸ்அப் எண் 94440 42322க்கு உறையின் இரு பக்கப் படங்களையும் அனுப்பலாம். கூடவே தஞ்சாவூரில் உள்ள மாவட்ட நியமன அலுவலருக்கு ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு மனுவும் போடுங்கள். மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்புவது அவர்கள் வேலை. நீங்களே ஆய்வுக்குக் கொடுக்கவும் வழி இருக்கிறது, 2006 உணவுச் சட்டத்தின் பிரிவு 40. ஆனால் அதில் ஒரு நிபந்தனை: வாங்கும்போதே “இதை ஆய்வுக்குக் கொடுக்கப் போகிறேன்” என்று கடைக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும். பழைய பாக்கெட்டை வைத்து இதைச் செய்ய முடியாது. புதிதாக ஒன்று, முடிந்தால் அதே பேட்ச், வாங்குங்கள். கட்டணம் கட்ட வேண்டும். குறை நிரூபணமானால் திரும்பக் கிடைக்கும்.

ஆய்வகத்திடம் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். சர்க்கரை எவ்வளவு, நார்ச்சத்து எவ்வளவு என்று சொல்வார்கள். மாவாக அரைத்த பிறகு அதில் எந்த நெல் ரகம் எவ்வளவு என்பதைச் சாதாரணப் பரிசோதனை சொல்லாது. சதவீதம் கம்பெனியின் உற்பத்திப் பதிவேட்டில்தான் இருக்கிறது. அதை வெளியே கொண்டுவர நுகர்வோர் ஆணையம் வேண்டும். ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்லும் அதிகாரம் அதற்கு உண்டு.

துறை விதிக்கும் அபராதம் அரசுக்குப் போகும், உங்கள் கைக்கு வராது. உங்களுக்கான நிவாரணத்துக்குத் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கம்பெனி எந்த மாநிலத்தில் இருந்தாலும் சரி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பது 2019 சட்டம் கொடுத்த பெரிய வசதி. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

என்ன கேட்கலாம்? கொடுத்த பணம், மன உளைச்சலுக்கு ஒரு தொகை, வழக்குச் செலவு, அந்த வாசகங்களை நீக்கவும் திருத்த விளம்பரம் வெளியிடவும் உத்தரவு. கணவரின் சுகர் ஏறியதற்குப் பெரிய நஷ்டஈடு கேட்க வேண்டும் என்று மனசு சொல்லும். எனக்கும் அது புரிகிறது. ஆனால் ஏறியது இந்த மாவால்தான் என்று நிரூபிப்பது கடினம். மாத்திரை, சாப்பாடு, அலைச்சல் என்று எதிர்த்தரப்பு பத்துக் காரணம் அடுக்கும். முன்னும் பின்னும் எடுத்த மூன்று மாத சராசரி சுகர் ரிப்போர்ட்டும், டாக்டர் கைப்பட எழுதிய குறிப்பும் இருந்தால் இணையுங்கள். வழக்கை அதன் மேல் நிறுத்தாதீர்கள், உறையின் மேல் நிறுத்துங்கள். மாவை இன்றே நிறுத்திவிட்டு, அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அந்த உறையையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கடைக்காரருக்குப் பொறுப்பு உண்டு. பிரிவு 52 தயாரிப்பவரோடு விற்பவரையும் சேர்த்தே சொல்கிறது. அவர் தெரியாமல் விற்றார் என்றால் அபராதத்தின் அளவில் அது கணக்கில் எடுக்கப்படும். அவரை இரண்டாம் எதிர்த்தரப்பாகச் சேர்த்தால் போதும்; சரக்கு யாரிடமிருந்து வந்தது என்ற பில்லை அவரே எடுத்து வைப்பார். அவரோடு சண்டை வேண்டாம்.

வாட்ஸ்அப் விஷயம். உண்மையை, பொது நன்மைக்காகச் சொல்வது அவதூறு ஆகாது என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 356 விலக்கு அளிக்கிறது. புரதப் பொடி விற்கும் கம்பெனி ஒன்று தன்னை விமர்சித்தவர்கள் மீது தொடுத்த வழக்கில், ஆய்வக அறிக்கைகளை அவர்கள் ஆதாரமாக வைத்திருந்ததால், 2025 ஏப்ரலில் தில்லி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுக்க மறுத்தது. அதனால் உறையின் முன்பக்கப் படம், பின்பக்கப் படம், “மாப்பிள்ளைச் சம்பா எத்தனை சதவீதம் என்று எழுதவில்லை” என்ற ஒரு வரி, இவ்வளவு போடுங்கள். ‘விஷம்’, ‘மோசடிக் கம்பெனி’, ‘இதைச் சாப்பிட்டுத்தான் உடம்பு கெட்டது’ என்றெல்லாம் எழுதாதீர்கள், குரல் பதிவாகவும் அனுப்பாதீர்கள். உங்கள் குழுவிலேயே சத்துமாவு அரைத்து விற்பவர்கள் இருப்பார்கள். சதவீதம் எழுதும் விதி அவர்களுடைய பாக்கெட்டுக்கும் உண்டு என்று அப்போதே சொல்லிவிடுங்கள்.

வழக்குக்கு முன் கம்பெனிக்கு ஒரு நோட்டீஸ். வக்கீல் கட்டாயமில்லை, நீங்களே தமிழில் எழுதலாம். பெற்றுக்கொண்டதற்கான சான்று கிடைக்கும்படி ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, 15 நாள் அவகாசம் கொடுத்து, “இந்த பேட்ச்சில் மாப்பிள்ளைச் சம்பா எத்தனை சதவீதம்?” என்று கேளுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அது உங்களுக்கு ஆவணம். பிறகு இ–ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே வழக்கைப் பதியலாம், காணொளி விசாரணையும் கேட்கலாம். உறையை முதலில் படித்தவர் பேத்தி என்பதால், எந்தத் தேதியில், எந்த பேட்ச் பாக்கெட்டில் என்ன படித்தார் என்று அவர் பெயரிலும் ஒரு பிரமாணப் பத்திரம் சேர்த்துவிடுங்கள்.