உயிரணுவைச் சாகவிடாமல் படமெடுத்தல்

குனோங் ராபாட்டில் மின்சாரம் தடைபட்ட இரவுகளில் கைவிளக்கை உள்ளங்கையால் மூடி விளையாடுவோம். விரல்கள் செக்கச் செவேலெனத் தெரியும். நீல ஒளியைத் தசையும் இரத்தமும் தடுத்துவிடும், சிவப்பே ஊடுருவும். உயிருள்ள திசுவின் ஆழத்தைப் படமெடுக்கவும் இதுவே அடிப்படை.

நிறமற்ற உயிரணுவைக் காண ஒளிர்சாயம் சேர்க்கிறோம். ஃப்ளோரசீன் என்னும் சாயம் 490 நானோமீட்டர் நீல ஒளியை ஏற்றுப் பச்சையாக ஒளிரும். ஆனால் நீல ஒளி ஆழம் செல்லாது. செல்லும் வழியெங்கும் சாயத்தை வெளிறச் செய்யும். உயிரணுவுக்கும் கேடு விளைவிக்கும்.

இதற்கு 1931இல் வெளிவந்த ஆய்வில் மரியா கோப்பெர்ட் மேயர் வழி கண்டிருந்தார்: இரண்டு ஒளித்துகள்கள் ஒரே கணத்தில் சேர்ந்தால் ஒன்றின் வேலையைச் செய்யும். 1990இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தின் டெங்க், ஸ்ட்ரிக்லர், வெப் மூவரும் இதை நுண்ணோக்கியில் பயன்படுத்தினர். அகச்சிவப்பு லேசர் குவியும் புள்ளியில் மட்டுமே சாயம் ஒளிர்வதால், மேலும் கீழும் உள்ள உயிரணுக்கள் தப்புகின்றன.

மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அலைநீளத்தை இரட்டிப்பாக்கினால் போதுமென எண்ணாதீர்கள். ஃப்ளோரசீனுக்கு ஏற்றது 980 அன்று. ஏறத்தாழ 780 நானோமீட்டர். ஒவ்வொரு சாயத்துக்கும் அளந்து வைத்த அட்டவணையைப் பாருங்கள். படம் மங்கலாக இருக்கிறதென்று லேசரின் வலிமையைக் கூட்டிக்கொண்டே போனால், குவிமையத்திலுள்ள உயிரணு செத்துவிடும். படம் பளிச்சென்று வந்தபின்னும், உயிரணு பிழைத்திருக்கிறதா என்று பார்த்த பிறகே முடிவை எழுதுங்கள்.