ரைட் ஆங்கிளும் ரோமாபுரி ராஜாவும்



நான் பத்தாவது வரை தமிழ் மீடியம். எங்கள் குடும்பத்தில் காலேஜ் படி ஏறிய முதல் ஆள் நான்தான். முதலாமாண்டு டிராயிங் வகுப்பில் சார் கூப்பிட்டு, "போர்டுல ஒரு ரைட் ஆங்கிள் போடு" என்றார். ரைட் என்றால் வலது பக்கம்தானே? வலது கைப் பக்கம் பார்த்த மாதிரி ஒரு கோணம் போட்டேன். வகுப்பே சிரித்தது. நானும் கூடச் சிரித்து வைத்தேன். ஆனால் அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் சேலையூர் பக்கம் அப்பா வேலை செய்த கட்டடத்துக்குப் போனேன். அப்பா கொத்தனார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, மூலைமட்டத்தை எடுத்துச் சுவர் மூலையில் வைத்துக் காட்டினார். "இதாண்டா அது. இதுக்கா மூஞ்சிய தூக்கி வச்சிருக்க?" என்றார். அட, நம்ம செங்கோணம்!

அப்படியானால் அதற்கு ஏன் 'ரைட்' என்று பெயர்? லைப்ரரியில் பெரிய ஆங்கில அகராதியைப் புரட்டினேன். அது என்னை நேராக ரோமாபுரி ராஜாவிடம் கொண்டுபோய் விட்டது!

லத்தீன் மொழியில் அரசனுக்கு 'ரெக்ஸ்' என்று பெயர். சர்ச்சுகளில் சிலுவையின் மேல் ஐ.என்.ஆர்.ஐ. என்று நான்கு எழுத்து பார்த்திருப்பீர்கள். 'நாசரேத்து இயேசு, யூதர்களின் அரசர்' என்ற லத்தீன் வாசகத்தின் முதலெழுத்துகள் அவை. அதில் 'ஆர்' என்பது ரெக்ஸ்தான்.

'ரெகெரே' என்றால் நேராகச் செலுத்துதல், வழிநடத்துதல். 'ரெக்டஸ்' என்றால் நேரானது. 'ரெகுலா' என்றால் நேர்கோல். இவையெல்லாம் ரெக்ஸ் என்ற சொல்லின் குடும்பம். ரெக்டாங்கிள், ரெக்டிஃபையர், கரெக்ட், டைரக்ட் எல்லாம் இங்கிருந்து வந்தவைதான். ரூலர், ரெகுலேட்டர், ஏன், தண்டவாளத்தைக் குறிக்கும் 'ரெயில்' கூட ரெகுலாவின் பிள்ளைகள். 1931-ல் பீச் - தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியபோது 1500 வோல்ட் டைரக்ட் கரண்டில்தான் ஓடியது. ரெயிலும் டைரக்டும், இரண்டுமே ராஜா வீட்டுச் சொற்கள்!

'ரைட்' லத்தீனிலிருந்து வந்ததல்ல. ஆனால் அதற்கும் ரெக்ஸுக்கும் மிகப் பழைய மூலம் ஒன்றே. வடமொழி 'ராஜா'வும் அதே மூலத்தில் பிறந்தது. வேளச்சேரி ரோட்டில் கண்டக்டர், "ராஜகீழ்ப்பாக்கம் எறங்கு, போலாம் ரைட்!" என்று சொன்னால், ஒரே மூச்சில் இரண்டு சொந்தக்காரர்களைக் கூப்பிடுகிறார் என்று அர்த்தம்.

அரசனுக்கும் நேர்கோட்டுக்கும் என்ன சம்பந்தம்? பிரெஞ்சு மொழியியல் அறிஞர் எமில் பென்வெனிஸ்த் சொல்கிறார்: ஆதியில் ரெக்ஸ் என்பவன் அதிகாரம் செலுத்துபவன் என்பதைவிட, கோடு கிழித்து 'இதுதான் சரி' என்று வகுப்பவன்.

தமிழுக்கும் லத்தீனுக்கும் உறவு கிடையாது. ஆனால் நம் முன்னோரும் இதையேதான் நினைத்திருக்கிறார்கள். செம்மை என்றால் நேர்மை. செங்கோணம், செவ்வகம், செங்குத்து, அதே வரிசையில் அரசன் கையில் செங்கோல்! கோல் வளைந்தால் கொடுங்கோல். வள்ளுவர் இரண்டுக்கும் 55, 56 எனத் தனித்தனி அதிகாரம் வைத்தார். தன் கோல் வளைந்தது என்று தெரிந்ததும் சிலப்பதிகாரத்துப் பாண்டியன் உயிரையே விட்டான். ரோமானியரோ கொடுங்கோலன் டார்க்வினை கி.மு. 509-ல் விரட்டினார்கள் என்பது அவர்கள் மரபு. அதன்பின் ரெக்ஸ் என்ற பேரே அங்கே வெறுப்புக்குரியதானது. ராஜாவாக ஆசைப்படுகிறார் என்ற சந்தேகத்தில்தான் கி.மு. 44-ல் ஜூலியஸ் சீசரைக் குத்திக் கொன்றார்கள்.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ராஜாவோ கொத்தனாரோ, மட்டம் தப்புனா இடிச்சுட்டுதான் கட்டணும்" என்றார். நாளைக்கு மெஷர்மென்ட் புக்கில் கையெழுத்துப் போடப்போகும் சிவில் நண்பர்களே, நம் கையிலும் ஒரு கோல் இருக்கிறது!

தமிழ் மீடியத்திலிருந்து வந்திருக்கும் முதலாமாண்டுத் தம்பி தங்கைகளே! இங்கிலீஷ் வார்த்தையைப் பார்த்துப் பயப்படாதீர்கள். நோட்டில் பக்கத்திலேயே தமிழ்ச் சொல்லையும் எழுதுங்கள். புரியாவிட்டால் கூச்சப்படாமல் கேளுங்கள். போர்டில் தப்பாகப் போட்டு யாராவது சிரித்தால், லைப்ரரிக்குப் போங்கள். நான் அப்படித்தான் போனேன்.