கடைமடைக்கு மிச்சம்

நல்லேப்பிள்ளி

அன்புள்ள அம்மிணி,

ஏழாம் வகுப்புக்கு நீ செய்யும் அறிவியல் ஆப்பை இரண்டு ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். படங்கள் அழகு, குரலும் தெளிவு. ஆனால் அது ஓயாமல் பேசுகிறது. பிள்ளை யோசிக்க இடமே விடவில்லை.

நானும் இந்தத் தப்பைச் செய்தவன்தான். மின்சாரப் பாடத்துக்கு நான் முதலில் செய்ததில் பக்கம் பக்கமாக விளக்கம், கடைசியில் நான்கு விடைகளில் ஒன்றைத் தொடச் சொல்லும் கேள்வி. பிள்ளைகள் பச்சை நிறம் வரும்வரை வரிசையாகத் தட்டினார்கள். எல்லோருக்கும் முழு மார்க். நானும் பூரித்துப்போனேன்.

மறுநாள் ஒரு பேட்டரி, ஒரே ரகத்தில் இரண்டு டார்ச் பல்பு, கொஞ்சம் ஒயர் எடுத்துப்போனேன். பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் எது பளிச்சென்று எரியும் என்று கேட்டேன். "முதல்ல இருக்கறதுதான். அது குடிச்சது போக மிச்சம்தானே அடுத்ததுக்கு?" என்றாள் ஒரு சிறுமி. முந்தின நாள் முழு மார்க் வாங்கியவள். அவளைக் குறை சொல்ல முடியுமா? ஆழியாற்றுத் தண்ணீரை நம்பி நெல் போடும் சித்தூர்த் தாலுகாவில் தலைமடை குடித்ததுபோகத்தான் கடைமடைக்கு.

இணைத்தோம். இரண்டும் ஒரே மாதிரி எரிந்தன. அவள் நம்பவில்லை. பல்புகளை இடம் மாற்றினாள், பேட்டரியைத் திருப்பிப் போட்டாள். மின்னோட்டம் வழியில் தீர்ந்துபோவதில்லை, சுற்று முழுக்க ஒரே அளவில் ஓடுகிறது, பல்பு எடுத்துக்கொள்வது ஆற்றலைத்தான் என்று அதன்பிறகு நான் சொன்னது அவள் காதில் ஏறியது. முன்னாலேயே சொல்லியிருந்தால் ஏறியிருக்காது.

ஆகவே, உன் ஆப் முதலில் பிள்ளையின் ஊகத்தைக் கேட்கட்டும். அதை அழிக்காமல் ஓரமாக வைக்கட்டும். செய்து பார்த்தபின் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டட்டும். சிவப்புப் பெருக்கல் குறி வேண்டாம். தவறான விடைகளை நீயே கற்பனை செய்யாதே. பிள்ளைகள் வாயிலிருந்து பொறுக்கு. நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் குழு, மாணவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்துத்தான் திரையில் செய்து பார்க்கும் தன் அறிவியல் மாதிரிகளைத் திருத்துகிறது. அவை இலவசம், சில தமிழிலும் உண்டு. பார்.

போன் அப்பாவுடையது என்பதையும் மறக்காதே. அவர் வேலை முடிந்து வந்தபின்தான் பிள்ளை கைக்கு வரும், அதற்குள் ஒரு அழைப்பும் வரும். 2020 ஜூனில் கேரளத்தில் ஃபர்ஸ்ட் பெல் ஆன்லைன் வகுப்புகள் தொடங்கியபோதே, ஒரு வீட்டுக்கு ஒரு போன் எத்தனை நேரம் கிடைக்கும் என்று பார்த்துவிட்டோம். பத்து நிமிடத்தில் முடிகிற பாடம், நெட் இல்லாமல் ஓடுகிற ஆப், விட்ட இடத்தில் திறக்கிற திரை: இவை மூன்றும் உன் அனிமேஷனைவிட முக்கியம்.

சில பாடங்களுக்குத் திரையே வேண்டாம். ஆனைமலைக்கும் நீலகிரிக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலக் கணவாயின் வாயில் இருக்கிறோம். ஆடிக் காற்று பனைகளை உலுக்கும்போது அதைத் திரையில் வரைந்து காட்டுவானேன்? "ஓலைக் காற்றாடி செய்து வெளியே போ, எந்தப் பக்கம் நின்றால் வேகமாகச் சுற்றுகிறது என்று பார்த்து வந்து சொல்" என்று அனுப்பிவிடு.

அடுத்த மாதிரி தயாரானதும் ஒரு சாயங்காலம் வா. அந்தச் சிறுமியின் கையில் போனைக் கொடுத்துவிட்டு நாம் இருவரும் பின்னால் உட்காருவோம். ஒரே நிபந்தனை: அவள் தடுமாறும்போது நீ வாய் திறக்கக் கூடாது.

அன்புடன்,
உன் பழைய வாத்தியார்