சபாவின் ரசீதுப் புத்தகம்

விருதுநகர்,
மாசி மாதம்.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ அனுப்பிய சிவகாசி சபாவின் வரவு செலவுக் கணக்கை வரி வரியாகப் பார்த்தாயிற்று. கணக்கில் ஒரு பைசா பிசகு இல்லை. கையெழுத்துகூட அப்படியே தாத்தா கையெழுத்துதான். கடைசிப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டு நீ எழுதியிருந்த அந்த இரண்டு வழிகள்தான் மாமாவைத் தூங்கவிடவில்லை. ராத்திரி புரண்டு புரண்டு படுப்பதைப் பார்த்து அத்தையே என்ன ஏது என்று கேட்டுவிட்டாள்.

முதல் வழி, ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் சபாவின் ஒரு வருஷச் செலவை முழுக்க ஏற்றுக்கொள்வது. அதற்குப் பதிலாக மேடையில் அவர் நிறுவனத்தின் பேனர், யார் பாடுவது என்பதில் அவருக்கும் ஒரு சொல், கூடவே ஒரு மெல்லிசை இரவு. இரண்டாவது வழி, தாத்தா போட்டுவைத்த வைப்பு நிதியை உடைத்து இந்த வருஷத்தை ஓட்டிவிடுவது. செயலாளர் நீதான், முடிவும் உன்னுடையதுதான். மாமா குறுக்கே நிற்கப்போவதில்லை. ஆனாலும் சில சங்கதிகள் உன் காதில் விழுந்தாக வேண்டும்.

சபாவின் பணமுடை இந்த வருஷம் முளைத்தது இல்லை. 2018 அக்டோபர் 23-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பட்டாசில் பேரியம் உப்பு கூடாது, சரவெடி கூடாது, பசுமைப் பட்டாசுதான், தீபாவளியன்று அதுவும் இரண்டு மணி நேரம்தான் என்று வந்தது. அதை எதிர்த்துச் சிவகாசி வட்டாரத்தில் ஆலைகளைப் பூட்டினார்கள், மாதக்கணக்கில் திறக்கவில்லை. அடுத்து 2020-இல் கொரோனா. 2021 அக்டோபரில் பேரியத் தடையை நீதிமன்றம் மறுபடி உறுதி செய்தது. நாட்டில் வெடிக்கிற பட்டாசில் பத்தில் ஒன்பது பங்கு நம் மாவட்டத்துச் சரக்கு. வடக்கே டெல்லியிலோ ராஜஸ்தானிலோ தடை போட்டால் சாத்தூர் டீக்கடை வரைக்கும் அது தெரிகிறது. மருந்துக் கலவையில் உயிரைப் பணயம் வைத்து உட்காரும் குடும்பங்களுக்கு வேலை இல்லாத மாதங்களில், கச்சேரிக்கு நன்கொடை கேட்டுப் போவதே நியாயமில்லை. ஆலைக்காரர்களைக் குறை சொல்லி என்ன பயன்? ஒரே தொழிலை, அதிலும் நாலைந்து வீடுகளை மட்டும் நம்பிச் சபா உட்கார்ந்திருந்ததுதான் கோளாறு. அந்த நாலைந்தை ஒன்றாகக் குறைப்பதைப் போய் நீ வழி என்று எழுதியிருக்கிறாய்.

நம் ஊர்களின் கதை உனக்குத் தெரியாததா? சிவகாசி, விருதுநகர், சாத்தங்குடி, அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம் ஆகிய ஆறு ஊர்களிலும் வியாபாரிகள் பேட்டை கட்டினார்கள். மாட்டுவண்டியில் சரக்கு ஏற்றிவந்தவர்கள் இரவில் பயமில்லாமல் தங்க அந்தப் பேட்டைகள்தான் இடம். கைமாறுகிற சரக்கில் ஒரு சிறு பங்கை மகமையாக எடுத்து வைத்தார்கள். அந்தக் காசில்தான் கிணறு, கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் எழுந்தன. காமராஜர் படித்த சத்திரிய வித்தியாசாலைக்கு வீட்டுக்கு ஒரு பிடி அரிசி எடுத்து வைத்த கதையை இந்த ஊரில் இன்றும் பாட்டிமார்கள் சொல்வார்கள். பெரும் பணக்காரர் ஒருவர் தூக்கிக் கொடுத்து எழுந்த பள்ளிக்கூடம் இல்லை அது. உலை வைக்கும்முன் ஒவ்வொரு அடுப்படியிலும் ஒரு பிடி தனியாகப் போனது. பிடி அரிசி கொடுத்த அம்மாவுக்கு அந்தப் பள்ளிக்கூடம் தன்னுடையது. யாராலும் அதை அவளிடமிருந்து பிடுங்க முடியாது.

சென்னைச் சபாக்கள் போன பாதையையும் பார். 1900-இல் தொடங்கிய பார்த்தசாரதி சுவாமி சபாவோ, 1928-இல் வந்த மியூசிக் அகாடமியோ, ஆரம்பத்தில் எல்லாமே ரசிகர்களின் சந்தாவில் நடந்தவைதான். 1960-களிலும் 70-களிலும் நாடகம் பார்க்கவென்றே பலர் சபா உறுப்பினர் ஆனார்கள், அந்தச் சந்தாவில் கச்சேரிகளும் நடந்தன. 1975-இல் சென்னைக்குத் தொலைக்காட்சி வந்தது. மெல்ல மெல்ல நாடகம் வரவேற்பறைக்குள் போனது, உறுப்பினர்களும் வீட்டோடு உட்கார்ந்துகொண்டார்கள். காலியான இடத்துக்கு விளம்பரதாரர்கள் வந்தார்கள். பேனரில் கம்பெனிப் பெயர்களுக்கு நடுவே பாடகர் பெயரைத் தேட வேண்டிய நிலை அப்படித்தான் வந்தது. அந்தச் சபாக்களுக்காவது மார்கழி மாதக் கூட்டம் இருக்கிறது. சிவகாசியில் விளம்பரதாரர் ஒரு தீபாவளி நஷ்டத்தில் கையை உதறினால் அடுத்த நாள் யார் வீட்டுக் கதவைத் தட்டுவாய்?

அந்தப் பழைய சம்பவத்தை எடுக்காமல் இந்தக் கடிதம் முடியாது. உன் அம்மாவுக்குத் தெரியும், அவளிடமே கேள். உன் பெரியக்கா காது குத்திய வருஷம். அப்போதும் ஒரே புரவலர்தான் செலவு முழுக்க ஏற்றார். கச்சேரிக்கு நடுவே, தனி ஆவர்த்தனம் தொடங்கிச் சூடு பிடித்த நேரத்தில் அவர் மண்டபத்துக்குள் வந்தார். மிருதங்கத்தை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள், அரை மணி நேரம் பேச்சு. அதற்குப் பிறகு வித்வான் மங்களம் பாடி எழுந்துவிட்டார். பாட்டுக்காரருக்குக் கவர் கைக்குப் போனது. வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் "அடுத்த வாரம் மணியார்டரில் வந்துவிடும்" என்று சொன்னார்கள். புரவலர் அதற்குள் வேறு ஏதோ வருத்தத்தில் கையை இழுத்துக்கொண்டார். மணியார்டர் போகவே இல்லை. கடைசி பஸ்ஸுக்கு மிருதங்கத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு அந்த மனிதர் நடந்து போனதைப் பார்த்த உன் தாத்தா, அதற்கப்புறம் அந்த வருஷம் முழுக்க முன்வரிசையில் உட்காரவில்லை. வைப்பு நிதி பிறந்ததே அந்த அவமானத்தில்தான். பக்கவாத்தியக்காரர் சம்பாவனை பாக்கி நிற்கக் கூடாது என்றுதான் அவர் ரசீதுப் புத்தகத்தோடு தேரடியில் ஆரம்பித்துத் தெருத் தெருவாக அலைந்தார். அந்த நிதியை உடைக்கலாமா என்று நீ கேட்கிறாய்!

கொடுக்கிறவர்கள் எல்லாரும் அப்படி என்று சொல்லவில்லை. பெங்களூர் நாகரத்தினம்மாள் பாடிச் சம்பாதித்ததைக் கொண்டு திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குக் கோயில் எழுப்பினார். 1925-இல் கும்பாபிஷேகம் ஆனது. அந்த இடத்திலேயே ஆராதனையில் பெண்கள் பாட இடமில்லை என்றார்கள். பாடும் உரிமைக்காகத்தான் அந்த அம்மாள் போராடினாரே தவிர, அடுத்தவர் பாட்டை நிறுத்தி மாலை வாங்கிக்கொள்ளவில்லை. எட்டயபுரம் சமஸ்தானத்தின் ஆதரவில்தான் 1904-இல் சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி அச்சேறியது. எந்தக் கீர்த்தனையைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதைத் தீட்சிதரின் வித்வத்து தீர்மானித்தது. அப்படி ஒரு மனிதர் கிடைத்தால் மாமாவே போய்க் கும்பிட்டு அழைத்து வருவேன்.

வைப்பு நிதி விஷயத்துக்கு வெளிநாட்டு உதாரணம் ஒன்று உண்டு. நியூயார்க் சிட்டி ஆபரா 1943-இல் சாதாரண ஜனங்களுக்காகவே தொடங்கியது. கஷ்டம் வந்தபோது மூலதன நிதியில் கை வைத்தார்கள். அப்புறம் வருஷா வருஷம் வட்டி வருமானம் சுருங்கியது. 2013-இல் பொதுமக்களிடம் இணையம் வழியாகப் பத்து லட்சம் டாலர் கேட்டார்கள், மூன்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. அந்த அக்டோபரிலேயே திவால் மனு போட்டார்கள். பிற்பாடு வேறு கைகள் அதை உயிர்ப்பித்தாலும், பழைய ஆபரா அன்றோடு முடிந்தது. சின்ன நன்கொடை கைகொடுக்காது என்பதற்கு இதையே சாட்சியாக நீ எடுத்துக் காட்டலாம். மகமை என்பது வீடு பற்றி எரிகிறபோது கேட்கிற காசு இல்லை, மாப்பிள்ளை. வியாபாரம் நன்றாக ஓடுகிற காலத்திலேயே, யாருக்கும் வலிக்காத அளவில், விடாமல் எடுக்கிற காசு.

மாதம் 50 ரூபாய் வீதம் 400 வீடுகள் சேர்ந்தால் வருஷத்துக்கு 2 லட்சத்து 40 ஆயிரம். உன் கணக்குப்படி மைக் செட், லாட்ஜ் வாடகை, கார், சாப்பாடு, சம்பாவனை எல்லாம் சேர்த்து நாலு நடுத்தரக் கச்சேரிகளை இதில் நடத்திவிடலாம். ஆலைக்காரர் வீடும் அதில் ஒரு வீடு, அவருக்கும் அதே 50 ரூபாய்தான். அச்சக முதலாளிகளிடம் பணம் கேட்காதே. ஆடிப்பெருக்கன்று புதுக் காலண்டர் ஆல்பம் போட்ட கையோடு போய், வருஷத்து நிகழ்ச்சி நிரலை அச்சிட்டுத் தரச் சொல். அழைப்பிதழ் செலவு அப்படியே மிச்சம். ஊரே அச்சடிக்கிற ஊர், அங்கே போய் ஜெராக்ஸ் நோட்டீஸ் ஒட்டுகிறீர்கள்.

மெல்லிசை இரவு இல்லாவிட்டால் கூட்டம் வராது என்று எழுதியிருக்கிறாய். அது மாமாவுக்குக் கோபத்தைவிட வருத்தத்தைத்தான் தந்தது. விடுதலைப் போராட்ட காலத்தில் நாடக மேடையில் பாடிப் பாடிச் சிறைக்குப் போன விஸ்வநாத தாஸ், 1886-இல் சிவகாசியில் பிறந்தவர். 1940 டிசம்பர் 31-ஆம் தேதி சென்னை ராயல் தியேட்டரில் முருகன் வேஷத்தில் மேடையிலேயே உயிர் போயிற்று. அவர் பிறந்த ஊரில் வருஷத்துக்கு ஒரு மாலை அவருக்கென்று வை. வள்ளி திருமணம் போடுகிற நாடகக் குழுக்கள் இந்தச் சீமையில் இன்னும் இருக்கின்றன, அவர்களைக் கூப்பிடு. காருகுறிச்சி அருணாசலம் கோவில்பட்டியில் வாழ்ந்தவர். கொஞ்சும் சலங்கை படத்து நாகஸ்வரத்தைக் கேட்டு இன்றும் கண் கலங்குகிறவர்கள் இந்தப் பக்கம் ஏராளம். அவர் நினைவாக ஒரு நாகஸ்வரக் கச்சேரி, தெருவில், மைக் இல்லாமல். அதைவிடச் சிக்கனமான விழா எது? சாத்தூர் ஏ.ஜி. சுப்பிரமணியம் கர்நாடக சங்கீதத்தில் நம் மண்ணின் பெயரைத் தன் பெயரோடு சுமந்தவர். பக்கத்து ஊர்ப் பிள்ளைகளுக்கே அவர் யாரென்று தெரியாது. மார்கழியில் திருப்பாவை முப்பதையும் அரியக்குடி ராமானுஜ அய்யங்கார் அமைத்த மெட்டில் பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகள் பாடட்டும். ஆண்டாள் பிறந்த ஸ்ரீவில்லிபுத்தூர் இந்த மாவட்டத்தில்தானே இருக்கிறது? பாடுகிற பிள்ளைக்கு அம்மா, ஆச்சி, சித்தி என்று வீட்டுக்கு நாலு பேர் வந்து உட்கார்வார்கள். அந்த நாலு பேர் வீட்டிலும் 50 ரூபாய் ரசீது போடலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகும் அந்தப் பெரிய மனிதரிடம்தான் போவது என்று நீ முடிவு செய்தால், இரண்டு நிபந்தனை மட்டும் எழுதி வாங்கிக்கொள். பக்கவாத்தியத்துக்கான சம்பாவனை கச்சேரிக்கு முன்பே சபா கணக்கில் வந்து சேர வேண்டும். பாட்டு நடக்கும்போது பொன்னாடை கிடையாது. இந்த இரண்டுக்கும் சம்மதிக்காத பணம் நமக்கு வேண்டாம்.

மாமா நிறையப் பேசிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதே. உன் வயதுப் பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்ட காலத்தில், ராத்திரி பத்து மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு வந்து சபா கணக்கு எழுதுகிறவன் நீ ஒருவன்தான். இந்தக் குடும்பத்தில் தாத்தாவுக்கு அடுத்து அந்த மனசு உனக்குத்தான் வாய்த்திருக்கிறது, உன் மாமாவுக்குக்கூட இல்லை. நீ எந்த வழியில் போனாலும் மாமா உன் பக்கம்தான். யார் உன்னை எதிர்த்துப் பேசினாலும் கமிட்டிக் கூட்டத்தில் முதல் ஆளாக எழுந்து நிற்பேன். உடம்பைப் பார்த்துக்கொள், ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. பங்குனிப் பொங்கலுக்கு நீயும் பிள்ளைகளும் அவசியம் இங்கே வந்துவிடுங்கள். அத்தை இப்போதே சீடைக்கு மாவு இடிக்க ஆள் சொல்லிவிட்டாள். வரும்போது புது ரசீதுப் புத்தகம் ஒன்று அடித்துக் கொண்டுவா. எங்கள் தெருவில் மட்டும் இருபது வீட்டுக்கு மாமா பொறுப்பு.

என்றும் உன் அன்புள்ள,
தாய்மாமன்.