முதுமையில் கையின் நிதானம்



முதியவர்களின் கை ஊசியில் நூல் கோக்கும்போதோ நிறைந்த குவளையை எடுக்கும்போதோ தடுமாறினால், உடலில் வலு குறைந்துவிட்டது என்று சொல்லி அதோடு விட்டுவிடுவது பலருடைய வழக்கம். வலு குறைவது உண்மையே; வயதோடு தசை சுருங்கித் தேயும் இந்நிலைக்கு 1989இல் இர்வின் ரோசன்பெர்க் சார்கோபீனியா என்று பெயரிட்டார். ஆனால் குவளையைத் தூக்கும் வலு வேறு, அதைத் தளும்பாமல் வாய்வரை கொண்டுசெல்லும் நிதானம் வேறு. பின்னது தசையை ஆளும் நரம்பைப் பெரிதும் சார்ந்தது.

தண்டுவடத்திலிருந்து தசைக்குக் கட்டளை கொண்டுசெல்லும் நரம்பு உயிரணுவுக்கு இயக்க நரம்பணு என்று பெயர். அதுவும், அதன் கட்டளைக்கு ஒருசேரச் சுருங்கும் தசை இழைகளும் சேர்ந்ததே சார்லஸ் ஷெரிங்டன் வகுத்த இயக்க அலகு. சிறு விசைக்குச் சிறிய அலகுகளும், விசை கூடக் கூடப் பெரிய அலகுகளும் வரிசையாக வேலையில் இறங்குவதால்தான் கையின் அழுத்தத்தை மிக நுட்பமாகக் கூட்டவும் குறைக்கவும் முடிகிறது. ஏறத்தாழ 60 வயதுக்குப் பின் இந்த நரம்பணுக்களின் இழப்பு கணிசமாகிறது. அப்போது ஆளற்றுப்போன இழைகள் பலவற்றை, எஞ்சிய நரம்பணுக்கள் புதுக் கிளை விட்டுத் தம்மோடு இணைத்துக்கொள்கின்றன. இழந்திருக்க வேண்டிய வலுவில் ஒரு பகுதியைக் காக்கும் இந்த ஏற்பாடு வியந்து போற்றத் தக்கது. எனினும் அலகுகள் எண்ணிக்கையில் குறைந்து அளவில் பெருத்துவிடுவதால், பெரிய நோட்டுகள் மட்டுமே கையிலுள்ள கடைக்காரர் சில்லறை கொடுக்கத் திணறுவதுபோல, நுண்ணிய விசையை அளந்து செலுத்த நரம்பு மண்டலம் திணறுகிறது. நரம்புத் துடிப்புகளின் இடைவெளியும் சீர்மை இழப்பதால் விசை ஏறி இறங்குகிறது; மெல்லிய பிடியில்தான் இந்த ஏற்ற இறக்கம் மிகுதியாகப் புலப்படும்.

ஒரு பொருளை நோக்கிக் கை நீளும்போது, முதலில் ஒரு வேகமான வீச்சும், பின்னர் கண்ணின் துணையோடு இலக்கை நெருங்கும் திருத்தங்களும் நிகழ்வதை ராபர்ட் வுட்வொர்த் 1899இலேயே விளக்கினார். முதியவர்களிடம் முதல் வீச்சு குறைந்த தொலைவோடு நின்றுவிட, திருத்தங்கள் பெருகி, கை இலக்கை அடைய நேரம் கூடுகிறது. மூட்டின் நிலையைப் பாராமலே அறியும் உணர்வு மங்குவதால் அவர்கள் கண்ணை மிகுதியாக நம்புகிறார்கள்; முழங்கையை மடக்கும் தசையையும் நீட்டும் தசையையும் ஒருங்கே இறுக்கிக் கையை நிலைப்படுத்தவும் முயல்கிறார்கள். ஆகவே அந்த மெதுவான அசைவில் இருப்பது வெறும் தளர்ச்சியன்று, துல்லியத்துக்காக வேகத்தை விட்டுக்கொடுக்கும் முயற்சியும் அதில் அடங்கியிருக்கிறது. அருகிலிருப்பவர் அவசரப்படுத்தினால், அம்முயற்சிக்குத் தேவையான நேரம்தான் பறிபோகிறது.

இந்த மாற்றம் முற்றிலும் கைமீறியதன்று. இலேசான எடையை மெதுவாகவும் சீராகவும் உயர்த்தி இறக்கும் பயிற்சியைச் சில வாரங்கள் செய்த முதியவர்களின் கைவிசை முன்னிலும் சீரானதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் மடியில் ஓய்ந்திருக்கும் கை நொடிக்கு 4 முதல் 6 முறை நடுங்குவது, குறிப்பாக ஒரு பக்கத்தில் தொடங்கினால், பார்க்கின்சன் நோயின் அறிகுறியாக இருக்கக்கூடும். அதை வயதின்மேல் போட்டுவிடாமல் நரம்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.