புனேயில் ஒரு ஈரானி காலை

புனே போனால் ஒரு காலையாவது இட்லி தேடாமல், ஈரானிலிருந்து வந்து குடியேறியவர்கள் தொடங்கிய கஃபேக்கு நடையைக் கட்டுங்கள். ஃபெர்குசன் கல்லூரிச் சாலையில் 1935 முதல் இருக்கும் 'குட்லக்' என் முதல் சிபாரிசு. சனி, ஞாயிறுகளில் கூட்டம் நெரியும். வார நாளில் சீக்கிரமே போய்விடுங்கள்.

முதலில் பன் மஸ்காவும் டீயும். பிளந்த பன்னுக்குள் வெண்ணெய் தாராளமாகத் தடவியிருப்பார்கள். டீயில் நனைத்ததும் வெண்ணெய் உருகி மேலே மினுமினுக்கும். உடனே வாயில் போட்டுவிடுங்கள், ஊறவிட்டால் பிய்ந்து கோப்பைக்குள் விழும். டீ கெட்டியாக, நல்ல இனிப்பாக வரும்; சர்க்கரை நோயாளிகள் முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது. பசி அதிகமென்றால் கீமா பாவ், அதாவது பாவ் ரொட்டியுடன் கொத்துக்கறி.

சீஸ் ஆம்லெட் பிரியர்களுக்கு ஜஹாங்கீர் மருத்துவமனை அருகிலுள்ள 'வோஹுமன்'. ரயிலில் வந்து இறங்குபவர்களுக்கு அதுதான் பக்கம்.