நிலத்தில் உழைப்போர்க்கு வரும் சரும நோய்கள்
பேச்சிப்பாறைப் பகுதியை முன்னிட்டு ஒரு விளக்கம்

நெற்பயிரின் தாளில் ஒரு புள்ளி கண்டவுடன் அது பூச்சியாலோ, பூசணத்தாலோ, உரக் குறைவாலோ என்று விசாரித்து அதற்கேற்ற பரிகாரம் செய்வது நல்ல குடியானவரின் வழக்கம். தம் உடலிலும் தம் வேலையாட்களின் உடலிலும் காணும் புள்ளியைப் பற்றி அவ்வாறு விசாரிப்பவர் சிலரே. சருமத்தில் எது கண்டாலும் 'சொறி' என்றோ 'சூடு' என்றோ ஒரே பெயரிட்டு, கடையில் கிடைத்த களிம்பைத் தடவிவிட்டு வேலைக்குச் செல்வதே பெரும்பாலும் நடைபெறுகிறது. ஆனால் சரும நோய்களும் பயிர் நோய்களைப் போலவே பல காரணங்களால் உண்டாகின்றன. காரணம் இன்னதென்று அறிந்தால் யாருக்கு வரும் என்பதும், எப்படித் தடுக்கலாம் என்பதும் தாமே விளங்கும்.

கோதையாற்றின் குறுக்கே 1897-ஆம் ஆண்டு தொடங்கி 1906-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பெற்ற பேச்சிப்பாறை அணை, இவ்விஷயத்தை ஆராய்வதற்கு ஏற்ற இடமாகும். அணைக்கு மேலும் அருகிலும் காடும், காணி மக்களின் குடியிருப்புகளும், ரப்பர் தோட்டங்களும் இருக்கின்றன. கீழே வாழை, தென்னை, முந்திரித் தொழில் ஆகியவை உள்ளன. அதற்கும் கீழே, கால்வாய் நீர் பாயும் நாஞ்சில் நாட்டு வயல்களில் கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரு போக நெல் விளைகிறது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டும் பெய்யும் பகுதியாதலால் ஈரமும் புழுக்கமும் மிகுதி. ஒரே ஆற்று நீரைச் சார்ந்து வாழ்வோரேயாயினும், செய்யும் தொழிலுக்கேற்ப அவர்களுக்கு வரும் சரும நோய்களும் வேறுபடுகின்றன.

1. நீரினால் வருபவை

வழக்கமாக ஜூன் மாதத் தொடக்கத்தில் அணை திறந்து வயலில் நீர் பாய்ந்ததும் நடவு தொடங்குகிறது. நாள் முழுதும் சேற்றில் நிற்பவரின் கால்விரல் இடுக்கிலுள்ள தோல் ஊறி வெளுத்து வெடிக்கிறது. அவ்வெடிப்பில் பூசணமும் பாக்டீரியாவும் புகுந்து அரிப்பும் எரிச்சலும் நாற்றமும் உண்டாகின்றன. இதுவே சேற்றுப்புண். நடவும் களை பறித்தலும் பெரும்பாலும் பெண்களின் வேலையாதலால் இதனால் மிகுந்த துன்பமடைபவர் பெண்களே. அவர்களே வீட்டில் பாத்திரம் துலக்கித் துணியும் துவைப்பதால், கைவிரல் நகத்தைச் சுற்றி வீங்கும் நகச்சுற்றும் அவர்களுக்கு எளிதில் வருகிறது. நீரிழிவு உள்ளவர்க்குச் சேற்றுப்புண் சிறிதாகத் தோன்றினாலும் காலையே கெடுக்கவல்லது.

வயலில் இறங்குமுன் விரலிடுக்கில் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்வதும், கரையேறியதும் நல்ல நீரில் கழுவி விரலிடுக்கைத் துணியால் ஒற்றி முற்றும் உலர்த்துவதும் தக்க தடுப்பு முறைகள். எண்ணெயைவிட உலர்த்துவதே முக்கியம். புண் கண்டவரைச் சில நாள் வரப்பு வேலைக்கோ களத்து வேலைக்கோ மாற்றினால் விரைவில் ஆறிவிடும்.

2. பூசணத்தால் வருபவை

பால்வெட்டும் தொழிலாளி விடியுமுன் தோட்டத்திற்குச் சென்று மரத்திற்கு மரம் விரைந்து நடக்கிறார். வியர்வையிலும் மழையிலும் நனைந்த உடை உடலிலேயே உலர்கிறது. இத்தகையோர்க்கு இடுப்பு, தொடையிடுக்கு, அக்குள் ஆகிய இடங்களில் வட்டமாக விளிம்பு தடித்துப் பரவும் படர்தாமரை வருகிறது. இது ஒருவரிடமிருந்து மற்றொருவர்க்குத் துண்டு, உடை, படுக்கை வழியாகத் தொற்றும். ஆகவே ஒரு வீட்டில் ஒருவர்க்கு வந்தால் மற்றவரையும் பார்த்தல் அவசியம்.

முற்காலத்தில் பென்சாயிக் அமிலமும் சாலிசிலிக் அமிலமும் சேர்ந்த விட்ஃபீல்டு களிம்பினாலேயே பெரும்பாலும் தீர்ந்துவந்த இந்நோய், அண்மைக் காலத்தில் இந்தியாவெங்கும் பிடிவாதமுடையதாக மாறியிருக்கிறது. வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத பூசண இனமொன்றுக்கு 2020-ஆம் ஆண்டில் இந்தியாவின் பெயரையொட்டி 'டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே' என்று பெயரிடப்பட்டது. நோய் பெருகியதற்கு ஒரு காரணம், கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகள். இவை அரிப்பை இரண்டொரு நாளில் அடக்குகின்றன. ஆனால் பூசணத்தைக் கொல்வதில்லை. அரிப்பு அடங்கியதைக் கண்டு நோய் தீர்ந்ததென்று எண்ணியிருக்கையில், பூசணம் தடையின்றிப் பரவுகிறது; தோலும் மெலிந்து போகிறது. இது கருதியே 2018-ஆம் ஆண்டில் மத்திய அரசு இத்தகைய களிம்புகள் பலவற்றை, வைத்தியர் சீட்டின்றி விற்கலாகாத மருந்துகளின் அட்டவணையில் சேர்த்தது. படர்தாமரைக்கு மருந்து தொடங்கினால், வட்டம் மறைந்த பின்னும் வைத்தியர் சொல்லும் நாள்வரை நிறுத்தலாகாது.

மார்பிலும் முதுகிலும் மெல்லிய செதிலுடன் தோன்றும் சாதாரணத் தேமலும் ஒருவகைப் பூசணத்தாலாவதே. அப்பூசணம் எல்லோருடைய தோலிலும் இயல்பாக இருப்பது. வியர்வை மிகும்போது பெருகுகிறது. இதனால் அச்சமில்லை. இத்தேமலில் உணர்ச்சி குன்றுவதில்லை என்பதை நினைவிற்கொள்க. பின்னர் இது பயன்படும்.

3. சிற்றுயிரால் வருவது

சிரங்கு என்று வழங்கப்படும் நோய்களுள், இரவில் அரிப்பு மிகுவது, தோலைத் துளைத்து முட்டையிடும் கண்ணுக்குத் தெரியாத உண்ணியினத்துச் சிற்றுயிரால் உண்டாவது. விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றிய பகுதி, தொடையிடுக்கு ஆகியவை அதற்கு உகந்த இடங்கள். நெருங்கிப் படுத்துறங்கும் குடும்பங்களிலும், மாணவர் விடுதிகளிலும், தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளிலும் இது பரவும். ஏழ்மையையோ அழுக்கையோ இதற்குக் காரணமாகச் சொல்லிப் பழிப்பது தவறு, நெருக்கமே காரணம். முதன்முறை தொற்றியவர்க்கு அரிப்புத் தோன்ற நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். அதற்குள் அவர் பலருக்கும் கொடுத்திருப்பார்.

ஆகையால் அரிப்புள்ளவர்க்கு மட்டும் மருந்திட்டுப் பயனில்லை. வீட்டிலுள்ள அனைவரும் ஒரே இரவில் கழுத்து முதல் உள்ளங்கால் வரை பெர்மெத்ரின் களிம்பு பூசி, காலையில் குளித்து, ஒரு வாரம் கழித்து மீண்டும் பூசவேண்டும். கைக்குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வைத்தியர் சொற்படி மருந்திடுக. உடுத்த துணியையும் படுக்கையையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துக. சொறிந்த இடத்தில் சீழ் பிடித்தால் அலட்சியம் செய்யலாகாது. அச்சீழை உண்டாக்கும் கிருமியால் குழந்தைகளுக்குச் சிறுநீரகம் பழுதுபட்டு முகம் வீங்குவதுண்டு.

4. செடியாலும் திராவகத்தாலும் வருபவை

கன்னியாகுமரி மாவட்டத்து முந்திரி ஆலைகளில் வேலை செய்வோரில் பெரும்பாலோர் பெண்கள். கொட்டையின் ஓட்டிலுள்ள எண்ணெய் தோலைச் சுட்டுக் கறுக்கச் செய்து உரிக்கிறது. முந்திரி, மா, சேங்கொட்டை மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மரங்கள். மூன்றின் பாலும் தோலுக்கு ஆகாது. கையில் எண்ணெயும் சாம்பலும் பூசிக்கொள்வது பழைய வழக்கம்; கையுறை அணிவது அதனினும் சிறந்தது.

ரப்பர் பாலை உறையச் செய்யப் பயன்படும் பார்மிக் அமிலம் தோலில் பட்டால் புண்ணாக்கும். அமிலத்தை நீரில் சிறிது சிறிதாக விடவேண்டுமேயன்றி, நீரை அமிலத்தில் ஊற்றலாகாது. உடலில் பட்டால் உடனே மிகுந்த நீரால் நெடுநேரம் கழுவுக.

1950-களில் பூனா நகருக்கு அருகில் முதன்முதல் கவனிக்கப்பட்டு நாடெங்கும் பரவிய பார்த்தீனியம் என்னும் களை, சிலருக்கு முகம், கண்ணிமை, கழுத்து ஆகிய இடங்களில் கடும் அரிப்பையும் தடிப்பையும் தருகிறது. இதனைப் பூக்குமுன் கையுறையணிந்து வேருடன் பிடுங்கவேண்டும்.

5. நோவு தராதவை

இதுவரை கூறியவையெல்லாம் அரித்தோ எரிந்தோ தம்மைத் தாமே அறிவிப்பவை. அரிப்பு மனிதனை வைத்தியரிடம் விரட்டுகிறது. அரியாமலும் வலிக்காமலும் இருக்கும் நோயே சருமத்தில் மிகவும் அஞ்சத்தக்கது. அத்தகையவை இரண்டைக் குடியானவர் அறிந்திருத்தல் வேண்டும்.

ஒன்று, தமிழ்நாட்டு நகரின் பெயராலேயே உலக வைத்திய நூல்களில் வழங்கும் 'மதுரைக்கால்'. 1842-ஆம் ஆண்டில் மதுரையில் பணியாற்றிய கில் என்னும் வைத்தியர் இதைக் குறித்து எழுதினார். வெறுங்காலில் முள் தைக்கும்போது மண்ணிலுள்ள கிருமி உள்ளே புகுந்து, மாதங்கள் கழித்து வலியற்ற வீக்கமாகிறது. பின்னர் பல துளைகள் விழுந்து, அவற்றினின்று கடுகு போன்ற சிறு மணிகள் வெளிப்படுகின்றன. கடைசியில் எலும்பும் கெடுகிறது. மலையடிவாரத்தைவிட வறண்ட முள்நிலங்களில் இது மிகுதி. செருப்பே இதற்குத் தடுப்பு.

மற்றொன்று தொழுநோய். 1873-ஆம் ஆண்டில் நார்வே நாட்டு வைத்தியர் ஹான்சன் இதன் கிருமியைக் கண்டார். அதனால் இது பரம்பரை நோயன்று, பாவத்தின் பயனுமன்று என்பது தெளிவாயிற்று. வெளுத்த அல்லது சிவந்த தேமல் ஒன்று தோன்றும், அரிப்பிராது, அவ்விடத்தில் வியர்வையும் முடியும் குன்றும், தொட்டால் உணர்ச்சி குறைந்திருக்கும். சாதாரணத் தேமலுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுவே. கண்ணை மூடச் செய்து, பஞ்சு நுனியால் அவ்விடத்தையும் அடுத்த நல்ல தோலையும் மாறிமாறித் தொட்டு, எங்கே தொடப்பட்டது என்று சுட்டிக் காட்டச் சொல்லுக. தேமலில் தொட்டதை அறியாவிடில் உடனே வைத்தியரிடம் செல்லவேண்டும். விரலில் சுட்டது தெரியாமற் போதல், உள்ளங்காலில் வலியற்ற புண், கைப்பிடி தளர்தல் ஆகியவையும் அடையாளங்களே.

மருந்து எடுத்துக்கொள்ளாத நோயாளியின் மூச்சு வழியாக, நெடுநாள் நெருங்கிப் பழகுவோர்க்கே இது பரவுகிறது. மக்களிற் பெரும்பாலோர்க்கு இதை எதிர்க்கும் இயற்கை வலிமை உண்டு. கிருமி புகுந்து அடையாளம் தோன்றப் பல ஆண்டுகள் ஆகும். 1980-களின் தொடக்கத்திலிருந்து வழங்கப்பட்டுவரும் கூட்டு மருந்துச் சிகிச்சையால், நோயின் வகைக்கேற்ப 6 மாதத்திலோ 12 மாதத்திலோ நோய் முற்றும் தீர்கிறது. அம்மருந்து அரசு சுகாதார நிலையங்களில் இலவசம். மருந்து தொடங்கியபின் அவரால் பிறர்க்குப் பரவும் அச்சமில்லை. ஆனால் காலந்தாழ்த்தி நரம்பு கெட்டபின் மருந்துண்டால், கிருமி சாகுமேயன்றி இழந்த விரல் திரும்புவதில்லை.

2005-ஆம் ஆண்டு டிசம்பரில் இந்தியாவில் தொழுநோய், பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்னும் அளவிற்கும் கீழே இறங்கியது. அதனால் நோய் ஒழிந்துவிட்டதென்று பலர் எண்ணினர். அதன் பின்னரும் 2022-23 ஆண்டில் நாடெங்கும் ஒரு லட்சத்திற்கு மேற்பட்டோர்க்குப் புதிதாக இந்நோய் கண்டறியப்பட்டது.

வெண்புள்ளியை இதனோடு சேர்த்து எண்ணுதல் பெரும் பிழை. வெண்புள்ளி கிருமியால் வருவதன்று, தொற்றுவதுமன்று, அவ்விடத்தில் உணர்ச்சி சிறிதும் குறைவதில்லை. பழைய பெயரொன்றால் அதையும் குஷ்டமென்று அழைத்ததனால் எத்தனையோ பெண்களின் திருமணம் தடைப்பட்டது.

நிலமுடையோரும் கிராம அலுவலரும் செய்யத்தக்கவை

நிலமுடையோர், வேலையாட்கள் கரையேறும் இடத்தில் நல்ல நீரும் உலர்ந்த துணியும் கிடைக்கச் செய்க. கையுறைக்கும் செருப்புக்கும் ஆகும் செலவு, ஒரு கை வேலையிழந்து நிற்கும் செலவினும் குறைவு. நோய் கண்டவரை வேலையினின்று நீக்கினால் அடுத்தவர் தம் நோயை மறைப்பார். மறைத்த நோய் வளரும். ஆதலால் வேலையை மாற்றிக் கொடுப்பதே நியாயமும் இலாபமுமாகும்.

கிராம அலுவலர்கள், சுகாதாரப் பணியாளர் வீடு வீடாகத் தேமல் பார்க்க வரும்போது தொலைவிலுள்ள மலைக் குடியிருப்புகளும் தோட்டக் குடியிருப்புகளும் விடுபடாமல் துணை செய்க. பெண்கள் முதுகிலும் தொடையிலும் உள்ளதைக் காட்ட நாணுவராதலால் பெண் பணியாளரைக் கேட்டுப் பெறுக. நோயாளியின் பெயரைப் பொதுவிடத்தில் கூறுதல் கூடாது. தொழுநோயாளரைப் பிரித்து வைக்க 1898-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் 2016-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காரணங்காட்டி மணவிலக்குக் கேட்கும் உரிமையும் 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டது. ஊரார் இவற்றை அறியும்படி செய்தல் அலுவலரின் கடமை.

சுருங்கக் கூறின்: ஈரத்தை உலர்த்துக, சிரங்கிற்கு வீடு முழுதும் மருந்திடுக, கடைக்களிம்பை நம்பற்க, செருப்பின்றி நிலத்தில் இறங்கற்க, அரிக்கும் தேமலைக் காட்டிலும் அரியாத தேமலை முதலில் வைத்தியரிடம் காட்டுக.